மரம் வைக்கக் கூடாது

தூத்துக்குடிக்காரர்களிடம் பாத்தி என்று சொன்னால் கீரைப்பாத்தி நினைவுக்கு வராது. வடக்கே வேப்பலோடை, தருவைக்குளம், தெற்கே முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி என்று கடலோரம் நெடுகக் கிடக்கும் சுமார் 25,000 ஏக்கர் உப்பளத்தில் பாத்தி என்றால் உப்புப் பாத்திதான். தையில் பாத்தி மிதிக்கப் போவார்கள். பங்குனியில் இருந்து புரட்டாசி முடிய உப்பு வாருவதும் சுமப்பதும். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்தி கரையும், கூலியும் அதோடு போகும். பிறகு மூன்று மாதம் வட்டிக்கு வாங்கித் தின்கிற காலம். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம் என்று 5,000 ரூபாய் கொடுக்க 2022இல் அரசு முன்வந்தது. அது மூன்று மாதத்தில் எத்தனை நாள் உலை கொதிக்க வைக்கும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எந்த மழை அளத்தை மூடுகிறதோ அதே மழையில்தான் மேற்கே கரிசலில் விதைப்பு தொடங்குகிறது. புரட்டாசிப் பட்டம் உப்புக்கு முடிவு, உளுந்துக்கு ஆரம்பம். எங்கள் தெருப் பெண்கள் 14 பேர் சேர்ந்து இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தது இந்தக் கணக்கில்தான். நிலம் இல்லாததால் அளத்துக்குப் போனவர்கள், அளம் இல்லாத மாதங்களிலாவது நிலத்துக்குப் போவோமே என்று நினைத்தோம். அங்கே நடந்த ஒரு காரியத்தைப் பற்றியும் அதில் என் பங்கைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "இதெல்லாம் சின்ன விசயம் தோழர்" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நிலம் ஊருக்கு மேற்கே அஞ்சாறு மைல். ஏழெட்டு வருசமாகச் சீமைக்கருவேலம் மண்டித் தரிசாகக் கிடந்தது. சொந்தக்காரர் சாதி இந்து, டவுனில் கடை வைத்திருப்பவர். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டோம். மூன்று வருசம். ஏக்கருக்கு வருசம் நாலாயிரம். கிணற்றுத் தண்ணீருக்குத் தனி. குடிசை போடக் கூடாது. மரம் வைக்கக் கூடாது. கடைசி இரண்டையும் அவர் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

அளத்து வேலை விடியுமுன்னே தொடங்கி முற்பகலில் முடிந்துவிடும். ஆடியிலும் ஆவணியிலும் வேலை முடிந்த கையோடு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய் வேர் தோண்டினோம். புரட்டாசிக் கடைசியில் ஒன்றரை ஏக்கரில் பொதுவாக உளுந்தும் பாசிப்பயறும், ஊடே கம்பும் விதைத்தோம். மீதி அரை ஏக்கரைக் கிணற்றடியில் பாத்தி கட்டி, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு நாலு பாத்தி பிரித்துக்கொண்டோம். பாத்தி கட்ட யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உப்புக்கு வரப்பு இழுத்த கை, கண்ணாலேயே மட்டம் பார்க்கும். "ஏளா, இது காயுத பாத்தி இல்ல, நனையுத பாத்தி" என்று ஒருத்திக்கொருத்தி கேலி பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் களையெடுப்பு. கார்த்திகையில் சீனியவரையும் வெண்டையும் வீட்டுக்கு வந்தன. மார்கழியில் உளுந்தைப் பிடுங்கிக் களத்தில் போட்டு அடித்தோம். கம்பு பால் பிடித்ததும் குருவி விரட்ட முறை வைத்தோம். முறைக்கு வராதவள் மறுநாள் எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி போட வேண்டும் என்பது தண்டனை. காப்பிக்காகவே சிலரை வராமல் இருக்கச் சொன்னதும் உண்டு. அளத்தில் ஒருத்தி குத்தவைத்தால் கணக்கப்பிள்ளை சத்தம் போடுவான். இங்கே உட்கார யாரிடமும் கேட்க வேண்டாம். முதல் வருசம் முழுக்க அதுவே எங்களுக்கு அதிசயமாக இருந்தது.

எம்.ஏ. படித்தவள் என்பதால் விதிகளை நோட்டில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. விதைக்குப் பங்கு, தண்ணீர் முறை, காவல் முறை எல்லாம் எழுதினேன். "சொந்தப் பாத்தியில் உணவுப் பயிர் மட்டும்" என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாம் வருசம் ஐப்பசியில் எங்கள் பெரியம்மை தன் நாலாவது பாத்தியில் பிச்சிப் பதியம் ஒன்றை நட்டு வைத்தாள். முப்பத்தஞ்சு வருசம் உப்பு சுமந்தவள். காலில் உப்புத்தண்ணீர் அரித்த புண் மழைக்காலத்தில்தான் ஆறும்.

"பூ விக்கப் போறியா பெரியம்மை?" என்று கேட்டேன்.

"விக்கவா? நாலு பூ பூத்தா பறிப்பேன். பூக்கலன்னா கொடியப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

கூட்டத்தில் நான்தான் முதலில் பேசினேன். பசி என்று சொல்லித்தான் நிலம் கேட்கிறோம், நாளைக்கு அரசாங்கத்திடமும் அதைச் சொல்லித்தான் கேட்கப் போகிறோம், பூந்தோட்டம் போடவா நிலம் கேட்டீர்கள் என்று தாசில்தார் கேட்டால் என்ன பதில் என்றேன். பெரியம்மை நிதானமாகச் சொன்னாள்: "பசிக்குத்தான் அளத்துக்குப் போறேன். இங்கயும் அதையே கூட்டிக்கிட்டு வரணுமாக்கும்?"

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. வேறொருத்தி, பிச்சி வருசக்கணக்கில் நிற்கிற கொடி, சொந்தக்காரர் பார்த்தால் மரம் வைத்ததாகத்தான் சொல்லுவார் என்றாள். அதோடு பேச்சு முடிந்துபோயிற்று. கை தூக்கச் சொன்னோம். பிடுங்க வேண்டும் என்று ஒன்பது பேர், வேண்டாம் என்று மூணு பேர், தூக்காமல் இருந்தது ரெண்டு பேர். மாசியில் சொந்தக்காரர் பணம் வாங்க வருவதற்கு முந்தின நாள் பிடுங்கினோம். பிடுங்கியவர்களில் நானும் ஒருத்தி. அஞ்சாறு மொட்டு இருந்தது. பெரியம்மை ஒன்றும் சொல்லாமல் குழியை மண் தள்ளி மூடினாள்.

பங்குனியில் சொந்தக்காரர் எட்டு நாள் கெடு வைத்து நிலத்தைத் திரும்பக் கேட்டார். சோலார் கம்பெனிக்காரர்கள் பேசியிருக்கிறார்களாம். முள்ளெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணிக் கொடுத்ததற்கு நன்றி வேறு சொன்னார். பத்திரத்தைக் காட்டினோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றார், அது சட்டப்படி சரிதான். பயிரிடும் குத்தகைதாரரைப் பாதுகாக்க 1955இல் ஒரு சட்டம், குத்தகை உரிமையைப் பதிந்து வைக்க 1969இல் ஒரு சட்டம் என்று தமிழ்நாட்டில் உண்டு. அந்தப் பதிவேட்டில் எங்கள் பெயர் ஏறியிருந்தால் ஒரு கை பார்த்திருக்கலாம். சின்னக் குத்தகைக்காரி எவள் பெயர் அதில் ஏறுகிறது?

இந்தச் சட்டங்களைத் தேடும்போதுதான் இங்கிலாந்தின் அலாட்மெண்ட் தோட்டங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. நகரத்து மக்கள் நகராட்சியிடம் இருந்து சின்னத் துண்டு நிலத்தை வருட வாடகைக்கு எடுத்து, சங்கமாகக் கூடிக் காய்கறி போடுகிறார்கள். வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர், அதாவது ஆறு செண்ட். சேர்ந்து விதை வாங்குவது, கோடைக் கடைசியில் காய்கறிப் போட்டி நடத்துவது என்று எங்கள் காப்பித் தண்டனைக்குச் சொந்தமான காரியங்கள் அங்கேயும் நடக்கின்றன. அதன் பிறப்பு அவ்வளவு இனிப்பானதல்ல. ஊர்ப் பொதுநிலங்களைப் பெருநிலக்காரர்கள் வேலி போட்டு எடுத்துக்கொண்டபோது ஏழைக்குக் கால் ஏக்கருக்கு மிகாமல் ஒதுக்க 1845இன் சட்டம் வழி செய்தது. முழுதாகப் பறித்துவிட்டுத் துண்டாகக் கொடுப்பது. 1908இன் சட்டப்படி ஆறு வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் உள்ளாட்சி அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்தே ஆக வேண்டும். 1922இல் வந்து 1950இல் திருத்தப்பட்ட சட்டப்படி, தோட்டக்காரரை வெளியேற்ற 12 மாத முன்னறிவிப்பு வேண்டும். அந்தக் கெடு ஏப்ரல் 6க்கும் செப்டம்பர் 29க்கும் நடுவில் முடியக் கூடாது, ஏனென்றால் அது பயிர் நிற்கிற காலம். எட்டு நாள் கெடுவில் வெளியேறியவள் இதை எந்த மனநிலையில் வாசித்திருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை.

அதே 1922 சட்டம் இந்தத் தோட்டத்துக்கு வரையறையும் தருகிறது: முழுவதுமாகவோ பெரும்பாலுமோ குடும்பத்தின் சாப்பாட்டுக்குக் காயும் பழமும் விளைவிக்கிற நிலம். வெள்ளைக்கார ஏழைக்கும் வயிறுதான் சான்று. ஆனாலும் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லைப் போட்டு, நாலு பூச்செடிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். என் நோட்டில் அந்தச் சொல் இல்லை.

அதே ஆட்சி அதே காலத்தில் இங்கே என்ன செய்தது என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். தரிசுக்கு மனுப் போட்டாலும் மிராசுதார்களின் முன்னுரிமை அதைத் தட்டிவிடுகிறது என்று அதில் காட்டினார். 1892 செப்டம்பர் 30இன் 1010ஆம் எண் அரசாணையில் இருந்து பஞ்சமி நிலம் பிறந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று நாம் சொல்லிவருகிறோம். அதற்கு நிபந்தனை உண்டு: 10 ஆண்டுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதற்குப் பின்னும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம். நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் மற்றவர் கைக்குப் போனது. காரணை நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கியால் ஜான் தாமசும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள்.

இங்கே ஒரு தோழர் என்னை மடக்கினார். பஞ்சமி நிபந்தனையை ஆதரிக்கிற நீ, பெரியம்மை பாத்திக்கு விதித்த நிபந்தனையைத் தவறு என்பது எப்படி? நியாயமான கேள்வி. விதி யாரைக் கண்காணிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். விற்கக் கூடாது என்ற விதி நம் கையைக் கட்டுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது வாங்க வருகிற பெரிய கையைத் தடுப்பதற்கானது. நான் எழுதிய விதி எந்தப் பெரிய கையையும் தடுக்கவில்லை. ஒரு கிழவியின் நாலாவது பாத்தியை எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அம்பேத்கர் 1947இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில் நிலமெல்லாம் அரசுடையதாகி, நிலவுடைமையாளரோ குத்தகைக்காரரோ நிலமற்ற கூலியோ இல்லாத கூட்டுப் பண்ணை வேண்டும் என்றார். அதை நானும் ஏற்கிறேன். எங்கள் ஒன்றரை ஏக்கர் அதன் குட்டிப் பதிப்பு என்று பெருமைகூடப் பட்டேன். கூட்டு என்பது காவல் முறையையும் தண்ணீர் முறையையும் கேட்கலாம். தவறினால் காப்பியும் கேட்கலாம். உனக்கு இது எதற்கு என்று கேட்கலாமா?

பசியைத் தாண்டி நம்மிடம் ஒன்று இருந்தால் அது மற்றவர் கண்ணை உறுத்தும் என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1995 ஆகஸ்டு 31இல் கொடியன்குளத்தில் போலீஸ் உடைத்தது எதை? தொலைக்காட்சிப் பெட்டியை, மின்விசிறியை, தையல் எந்திரத்தை. வளைகுடாவுக்குப் போகிற பாஸ்போர்ட்டுகளை எரித்தார்கள், கிணற்றைக் குடிக்க முடியாமல் ஆக்கினார்கள். இவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்ற கேள்வியைத்தான் அவர்கள் லத்தியால் கேட்டார்கள். நான் நோட்டில் எழுதிக் கேட்டேன். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை, கேள்வி ஒரே கேள்வியாக இருந்தது.

ஆனால் சொந்தக்காரர் பார்த்துவிட்டால் மற்ற 13 பேரின் நிலமும் போகும் என்ற பயம் பொய்யல்ல. ஒருத்தியின் ஆசைக்காகப் பதின்மூன்று உலையை ஆபத்தில் விடலாமா என்பதற்கு இன்றும் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. ஒருவேளை பிடுங்கத்தான் வேண்டியிருந்திருக்கலாம். அப்படியானால் அவளிடம், "பெரியம்மை, எங்களுக்கு அந்த ஆளப் பாத்துப் பயமா இருக்கு, அதனால பிடுங்குதோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவளே பிடுங்கித் தந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் பயத்துக்குப் பசி என்று பெயர் வைத்து, கொள்கை மாதிரிப் பேசி, குற்றத்தை அவள் தலையில் வைத்தேன்.

மரம் வைக்கக் கூடாது என்று சொந்தக்காரர் ஏன் இரண்டு தடவை வாசித்தார் என்பதும் பிறகுதான் விளங்கியது. மூணு மாதத்தில் அறுக்கிற உளுந்தில் அவருக்குப் பயமில்லை. முருங்கையோ பிச்சியோ வைத்தவள் அடுத்த வருசமும் வருவாள்.

இந்த ஆடியில் வேறொரு நிலம் பேச்சில் இருக்கிறது. நாங்கள் 11 பேர்தான் மிஞ்சியிருக்கிறோம். பெரியம்மையும் வந்தாள், வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தச் சொந்தக்காரரும் மரம் வைக்கக் கூடாது என்றுதான் ஆரம்பித்தார். பெரியம்மை கேட்டாள்: "மரம் வேண்டாங்கீயளே, அப்ப எத்தன வருசத்துக்குத் தருதீய?" அவர் சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்லுகிறேன் என்றார். அஞ்சு வருசம், பதிவு செய்த பத்திரம், வரப்போரம் முருங்கையும் கொடியும் வைக்க அனுமதி, இதுதான் நாங்கள் கேட்டிருப்பது. இன்னும் பதில் வரவில்லை. புரட்டாசி நெருங்குகிறது, அவர் சொன்னபடியே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நாலு பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், என் அம்மாவும் அதில் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறோம்.