தொட்டுப் பார்க்க அழைக்கும் ஆண்டவர்



இன்று திருத்தூதர் புனித தோமாவின் திருவிழா. மற்றச் சீடர்கள் எல்லோரும் உயிர்த்த ஆண்டவரைக் கண்டதாகச் சொன்னபோதும் தோமாவின் மனம் ஆறவில்லை. தன் கையால் தொட்டுப் பார்க்காமல் ஏற்கமாட்டேன் என்று நின்றார். எட்டு நாள் கழித்து வந்த ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. அருகே கூப்பிட்டார், தம் காயங்களை அவர் கைக்கு எட்டும்படி காட்டினார். காணாமல் நம்புகிறவர்களின் பேற்றைப் பற்றி அதன் பிறகுதான் பேசினார். விசுவாசம் கண்ணுக்கும் கைக்கும் அப்பால் செல்வது, உண்மை. ஆனாலும் தொட்டறிய விரும்பிய ஒருவரை ஆண்டவர் மதித்தார். அந்த விருப்பத்தை மனிதருக்குள் வைத்தவரும் அவரே.

இந்த நற்செய்தியை மாங்குளத்தில் வாசிக்கும்போது எங்கள் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

போரின் காலத்திலும் மீள்குடியேறிய நாட்களிலும் நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம், தொடாதே என்பதுதான். நிலத்தில் கிடக்கும் எதையும் எடுக்காதே, பாதையை விட்டு இறங்காதே, பற்றைக்குள் போகாதே. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் எங்கள் வேலிகளுக்கு அருகிலேயே நின்றன. அந்தப் பாடம் எத்தனையோ உயிர்களைக் காத்தது. இலங்கையின் வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுமையாக முடியவில்லை. எனவே அந்த எச்சரிக்கை இன்றும் வேண்டும். ஆனால் இன்று தரம் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் 2009இல் போர் முடிந்த பின் பிறந்தவர்கள். அவர்கள் போரைக் காணவில்லை. எங்கள் பயம் மட்டும் அவர்களுக்கு முதுசமாக வந்திருக்கிறது. துப்புரவாக்கப்பட்ட நிலத்திலும் அவர்களுடைய கைகள் கட்டுண்டு கிடக்கலாமா?

பாடசாலையிலும் இதே நிலைதான் பல இடங்களில். விஞ்ஞான ஆசிரியர் போதாது. பரிசோதனை புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதுகிறது. அமிலத்தில் நீலப் பாசிச்சாயத்தாள் சிவப்பாக மாறும் என்று எழுதத் தெரியும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அந்தத் தாளை நனைத்துப் பார்த்ததில்லை. வடக்கில் தொண்டைமானாற்றில் வெளிக்கள நிலையம் ஒன்று இருக்கிறது. எங்கள் உயர்தர மாணவர்கள் அதை மாதிரிப் பரீட்சை வினாத்தாள்களால்தான் அறிந்திருக்கிறார்கள். அந்த வினாத்தாள்கள் மிகவும் பயனுள்ளவை. அதே அளவு ஆர்வத்தோடு பிள்ளைகளை ஆற்றங்கரைக்கும் கூட்டிப்போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இது நடக்கக்கூடியதா என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், ஹோசங்காபாத் மாவட்டத்தில், 1972இல் 16 நடுநிலைப் பாடசாலைகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற அமைப்பும், நண்பர்கள் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் இரசூலியா கிராமத்தில் நடத்திய நிலையமும் அதை முன்னெடுத்தன. டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் அந்தக் கிராமங்களுக்கு வந்து ஆசிரியர்களோடும் பிள்ளைகளோடும் நிலத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் தாங்களே செய்து, பார்த்து, குறித்து, விடை தேடினார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் இடமிருந்தது. 2002இல் நிறுத்தப்படும்வரை அது முப்பது ஆண்டுகள் நடந்தது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 28ஆம் திகதி வானவில் மன்றம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. விஞ்ஞானமும் கணிதமும் படித்த இளையோர் பரிசோதனைப் பொருட்களோடு மோட்டார் சைக்கிளில் அரச பாடசாலைகளுக்குப் போய், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் கைகளில் அவற்றைக் கொடுக்கிறார்கள்.

திருச்சபைக்கும் இது புதிதல்ல. புருனோ நகரத்து மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை ஒவ்வொன்றாகக் கலந்து, எண்ணி, பாரம்பரியத்தின் விதிகளைக் கண்டவர் கிரெகோர் மெண்டல் என்ற குரு. அவர் 1854 முதல் 1868 வரை அந்த நகரத்தின் பாடசாலை ஒன்றில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தார். உலகையே மாற்றிய ஆராய்ச்சியைச் செய்துகொண்டே, பிள்ளைகளின் வகுப்பையும் தன் அழைத்தலாகக் கொண்டார்.

ஆண்டவர் இயேசுவும் தம் சீடர்களைத் திறந்த வெளியில் வைத்தே படிப்பித்தார். வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொன்னார், வயல்வெளிப் பூக்கள் எப்படி வளர்கின்றன என்று கவனிக்கச் சொன்னார். எங்களுக்கு அவர் தந்த வயல்வெளி எது? கனகராயன் ஆறு எங்கள் பக்கமாக ஓடி இரணைமடுவில் சேருகிறது. மாரியில் கரைபுரளும் அந்த ஆறு இந்தக் கோடையில் ஏன் மணலாகக் கிடக்கிறது? மணலைத் தோண்டினால் தண்ணீர் எத்தனை அடியில் வருகிறது? கரையில் மருது மட்டும் ஏன் இத்தனை பச்சையாக நிற்கிறது? பாலைப்பழம் தின்ற பறவை விதையை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது? எங்கள் கேத்திலின் அடியில் படியும் வெள்ளை என்ன? வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில கிராமங்களிலும் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்குக் காரணம் என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு உலகத்து விஞ்ஞானிகளிடமும் முடிந்த முடிவான பதில் இன்னும் இல்லை. அந்தப் பதிலைத் தேடப்போகிற பிள்ளை இன்று இந்தக் கோவிலின் வாங்கில் இருக்கலாம்.

பட்டம் பெற்ற, பட்டம் படிக்கிற என் அன்பான இளையோரே, நாங்கள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வடக்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. தெற்கே 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஏ-9 வீதியில், மாங்குளத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். உங்கள் பஸ் அவர்களைத் தாண்டித்தான் போகிறது. இலவசக் கல்வியில் படித்த உங்கள் அறிவில், கூலிக்குப் போய் வரி கட்டிய ஏழைகளின் பங்கும் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இங்கே இறங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எங்கள் மண்டபம் திறந்திருக்கும். சைவப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்தே வரட்டும். ஆறும் காடும் எல்லோருக்கும் பொது.

தாய் தகப்பன்மாரே, டியூசனுக்கு அனுப்பும் அதே மனதோடு இந்தத் தேடலுக்கும் அனுப்புங்கள். எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதைக் கிராம அலுவலரிடமும் பெரியவர்களிடமும் கேட்டு, நாங்கள் கூடவே போவோம். உடுப்பு சேறாகும், கேள்விகள் கூடும். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். தோமாவிடம் கோபிக்காத ஆண்டவரின் பொறுமை எங்களுக்கும் வேண்டும்.

படைப்பைக் கவனமாகத் தொட்டு அறிகிற பிள்ளை அதைப் பாழாக்க மனம் கொள்ளாது. மண்ணை நேசிக்கும், தண்ணீரைக் காக்கும், படைத்தவரைத் தேடும். தோமாவின் தேடல் ஆண்டவரைக் கடவுளாக அறிக்கையிடுவதில் நிறைவுற்றது. எங்கள் பிள்ளைகளின் தேடலையும் இறைவன் அந்த நிறைவுக்கு இட்டுச் செல்வாராக. படித்தவர்களுக்குத் தாராள மனதையும், பெற்றோருக்குத் துணிவையும், பிள்ளைகளுக்கு அச்சமற்ற கைகளையும் அவர் அருள்வாராக.

ஆமென்.