உடைமையும் இறையும்

இறை என்னுஞ் சொல் எல்லாம் உடைய முதல்வனையும், அரசு கொள்ளும் வரியையும் ஒருங்கே குறிப்பது. தனு கரண புவன போகங்கள் உயிர் தானே படைத்துக்கொண்டன அல்ல; வினைக்கீடாக இறைவன் மாயையினின்றும் தந்தருளியவை. அவற்றை எனதென்று பற்றுவது ஆணவத்தின் செயல் என்பது சித்தாந்தத் துணிபு. ஆகலின், ஒருவன் இறந்துழி அவன் விட்டுச்சென்ற பொருளில் அரசு பங்கு கொள்ளுதல் அறமாமோ என்பது ஆராய்தற்குரியது.

இந்தியாவில் 1953 அக்டோபர் 15 முதல் இறந்தார் சொத்தின்மீது எஸ்டேட் வரி விதிக்கப்பட்டது. சிறு உடைமைகள் விலக்கப்பட்டன. பெருஞ்செல்வத்தின் மேற்படியில் ஒரு காலத்தே அது நூற்றுக்கு 85 வரை ஏறிற்று. வாழுங்காலத்தே மக்கட்கு எழுதிவைத்துத் தப்புவாரைத் தடுத்தற்கு 1958-இல் நன்கொடை வரி வந்தது. வருவாய் சிறிது, ஆட்சிச் செலவு பெரிது எனக் கண்டு முன்னதை 1985-இல் நிதியமைச்சர் வி. பி. சிங் நீக்கினார், பின்னது 1998 அக்டோபர் 1 முதல் ஒழிந்தது.

கடைப்பொருள் மீதுள்ள வரியோ ஒழிந்திலது. மதுவிலக்கால் குறையும் வருவாய்க்கு ஈடாகச் சென்னை மாகாணத்தில் 1939-இல் விற்பனை வரி எழுந்தது. அவ்வகை வரிகள் பலவும் 2017 சூலை 1 முதல் சரக்கு சேவை வரியுள் அடங்கின. உப்புக்கும், மூட்டை பிரித்து அளந்து விற்கும் அரிசிக்கும் இவ்வரி இல்லையாயினும், சமையல் எண்ணெய்க்கு நூற்றுக்கு 5 உண்டு. மாளிகையில் வாழ்வானும் கூலியாளும் அதனை ஒப்பவே இறுக்கின்றனர். ஒப்ப இறுத்தல் நடுவுநிலைமையன்றோ எனின், அன்று. என்னை? கூலியாள் தன் வருவாய் முழுதையும் ஊணுக்கும் உடைக்குமே செலவிடுவான். செல்வன் வருவாயிலோ அச்செலவு சிறு கூறேயாம். உழைத்தவன் வாங்கும் எண்ணெயில் பங்கு கொண்டு, உழையாது வந்த பெருஞ்செல்வத்தை முழுதும் விட்டுவிடுதல் நடுவுநிலைக்கு ஒவ்வாது.

அற்றேல், மக்கட்குப் பொருள் வைத்தல் இல்லறக் கடமையன்றோ எனின், ஆம். மனையும் விளைநிலமும் கல்விக்கு வேண்டும் பொருளும் வைத்தல் கடமையே. அதுபற்றியே அச்சட்டமும் சிறு உடைமையை விலக்கிற்று. வழிவழி உழையாதிருத்தற்குக் குவித்தலோ கடமையன்று, பற்றே.

இனி, முன்வினையால் வந்த செல்வத்தில் அரசு கைவைத்தல் தகாது என்பாரும் உளர். வந்தது வினையானாயின் போவதும் வினையானேயாம். வரவுக்கு வினையைக் காட்டிச் செலவுக்கு மட்டும் அதனை மறுத்தல் வழக்கன்று.

ஈகையும் ஈண்டு நோக்கற்பாலது. வரிக்கஞ்சிப் பிறர்பேரில் எழுதிவைத்து அதன் பயனைத் தானே துய்ப்பவன் ஈந்தவனல்லன். பற்றை விடாது பெயரை மட்டும் மாற்றினவனே.

சட்டம் நீங்கினும் அறம் நீங்காது. பெருஞ்செல்வம் எய்திய மகன், யாருங் கேளாமுன்னமே அதில் ஒரு பங்கினை அடியார்க்கும் வறியார்க்கும் பிணியாளர்க்கும் ஒதுக்குவானாயின், அரசு கேளாத இறையை உடையானுக்கு இறுத்தவன் ஆவன் என்க.