அடங்காத மாணாக்கரும் ஆசிரியர் கடனும்

கற்றலில் விருப்பமில்லாதானையும் வகுப்பைக் குலைப்பானையும் ஆசிரியன் யாது செய்தல் வேண்டும்? சிறுவனாயின் பெற்றோர்க்கு அறிவித்தல் முதலிய வழிகள் உள. வயது முதிர்ந்தோர்க்குக் கற்பிக்கப் புகுந்தவிடத்து அவை பயன்படா. ஆதலின் சீனன்குடாவிலும் அதனையடுத்த ஊர்களிலும் மாலை வகுப்பு நடாத்தப் புகும் சைவ ஆசிரியர்கள் இதனைச் சிந்தித்தல் தகும். எண்ணெய்க் குதங்களும் மாவாலையும் விமானத்தளமும் சூழ்ந்த இக்குடாவிலே பகலெல்லாம் உழைத்தவன் இரவில் ஏடு திறக்குங்கால் கண்ணயர்தல் இயல்பே. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே பள்ளியை இழந்த சிறுவர் இன்று தம் மக்கட்கு மணஞ்செய்விக்கும் வயதினர். தம்மினும் இளைய ஆசிரியர்முன் பிழைபட எழுதி நிற்க அவர் நாணுவர். அந்நாணமே சிலரிடத்து எள்ளலாகவும் வீண்வினாவாகவும் வெளிப்படும்.

அற்றேல், பவணந்தி முனிவர் நன்னூலிலே கல்வி பெறுதற்குரியர் அல்லாதார் இவரெனத் தொகுத்துக் கூறினாரன்றோ எனின், கூறினார். ஆயினும் அத்தொகுதியிலே கள்வனும் உளன், பிணியாளனும் உளன், துயில்வோனும் உளன். நோயுற்றானையும் உறங்குவானையும் கள்வனோடு ஒருங்கு வைத்தது அவரை இழித்தற்கன்று. அந்நிலையிலே கொள்ளுந்திறன் இல்லையென்பது பற்றிப் போலும். நிலை மாறின் திறனும் மாறும். இதனை நோக்காது அச்சூத்திரத்தைத் தள்ளுதற்கு ஆணையாகக் கொள்வார் தம் சோம்பலுக்கு நன்னூலைச் சான்றழைக்கின்றனர்.

நம் சந்தான மரபிலே இதற்கு நேரான வரலாறு ஒன்றுண்டு. 13ஆம் நூற்றாண்டிலே திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் மாணாக்கர்க்கு உபதேசித்திருந்தபோது, அவர் குடும்பத்துக்குக் குலகுருவாகிய சகலாகம பண்டிதர் வந்தார். முதியவர், ஆகமங்கள் அனைத்தும் கற்றவர், இளையோன் ஒருவன் குருவாயிருத்தலைப் பொறாதவர். பாடத்தினிடையே நின்று, ஆணவமலத்தின் இயல்பு யாதென வினாவினார். அறியும் விருப்பினாலன்று, மடக்கும் விருப்பினாலே வினாவினார். மெய்கண்டார் விடைமொழியாது அவரையே உற்று நோக்கினார். நின்ற நிலையே விடையென்பதனை வினாவினவரே உணர்ந்து அடிபணிந்தனர். அவரே அருணந்தி சிவாசாரியார். சிவஞானசித்தியார் என்னும் பெருநூல் அன்று வகுப்பைக் குலைக்க வந்தவர் ஈந்ததாகும்.

நம்மவருட் சிலர் இவ்வரலாற்றைச் சொல்லி மாணாக்கனை விழித்து நோக்கி அச்சுறுத்துவர். அந்நோக்கம் வேறு, இது வேறு. மெய்கண்டார்பால் வெகுளியும் இல்லை, வெல்லும் விருப்பும் இல்லை. நாம் பலர்முன் கடிந்துரைக்கும்போது மாணாக்கனது ஆணவத்தோடு நமது ஆணவமும் எழுந்து பொருகின்றது. அப்போரில் யாவர் வெல்லினும் பாடம் தோற்கும். ஆதலின் அவ்வாற்றல் இல்லாத நம்மனோர் வகுப்பு முடிந்தபின் தனியிடத்தே பேசுதலே தக்கது.

அதே திருவெண்ணெய்நல்லூரிலன்றோ சுந்தரமூர்த்தி நாயனாரும் ஆட்கொள்ளப்பட்டனர்! அவர் முதியவராய் வந்த பெருமானைப் பித்தன் என்று இகழ்ந்தார்; ஓலையைப் பறித்துக் கிழித்தார். ஏடு கிழிக்கும் மாணாக்கன் இதனின் மிகுதியாகச் செய்துவிடுவானல்லன். இறைவனோ இகழ்ந்த அச்சொல்லையே முதலாகக்கொண்டு பாடுகவென்று பணித்தனன். வகுப்பிலே எள்ளுவானது சொல்லிலும் ஒரு மெய் கிடத்தல் கூடும். 'இது எமக்கு எதற்கு?' என்பானுக்குச் சம்பளச்சீட்டைக் கையிற்கொடுத்து அதனையே அன்றைய பாடமாக்கலாம்.

ஒருவன் பொருட்டு இருபதின்மர் கல்வியை இழப்பதோ எனின், அன்று. சித்தாந்தம் அறக்கருணையோடு மறக்கருணையும் கூறும். பிறர் கற்றலை விடாது தடுப்பானை அன்றைக்கு வெளியே இருக்கச் சொல்லுதல் குற்றமாகாது. அதனைச் செய்யாமை ஏனையோர்க்குச் செய்யும் அநீதியுமாம். அது கருணையோ பழிவாங்கலோ என்பதனை மறுநாள் அறியலாம். அவன் மீண்டு வருங்கால் நம் முகம் மலர்ந்ததாயின் கருணை. வாராதொழிக என நெஞ்சு விழைந்ததாயின் பெயர் பிறிது. பெயரையே பதிவேட்டினின்றும் நீக்குதலை யான் உடன்படேன்.

ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் பாடசாலை தொடங்கினார். அதற்கு முன்னரே, 1847ஆம் ஆண்டின் இறுதியில், அவ்வூர்ச் சிவன்கோயிலிலே முதிர்ந்தோர்க்குப் பிரசங்கஞ்செய்யத் தொடங்கிவிட்டார். அங்கே வரவுப்பதிவும் இல்லை, தண்டனையும் இல்லை. வேண்டாதான் எழுந்து போகலாம். அத்தகையோரை இருத்துதற்குச் சொல்லின் தெளிவு ஒன்றே கருவி. நமது மாலை வகுப்பும் அவ்வியல்பினதே. இரவுமுறை வேலைக்குச் செல்வோன் பாதியில் எழுந்து போவானாயின், அவனுக்குரிய பாடத்தை முதலிலே நடாத்திவிடுக.