மெதுவாக ஆடுகிறவள்

2018 நவம்பர் 23, வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே எங்கள் மகளிர் விடுதியின் தொலைக்காட்சி அறையில் இருபது மாணவிகள் போர்வையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் நடந்துகொண்டிருந்த பெண்கள் டி20 உலகக் கோப்பையின் அரையிறுதி. இந்தியாவும் இங்கிலாந்தும். துணைக் காப்பாளர் என்ற முறையில் நானும் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அணியில் மிதாலி ராஜ் இல்லை என்று தெரிந்ததும் அறை இரண்டாகப் பிரிந்தது.

"நல்லதுதான். அவங்க வந்தா டொக்கு வைப்பாங்க, ஓவர்தான் வீணாகும்" என்றாள் ஒருத்தி.

"அந்த பிட்ச்சுல பால் நின்னு வருதுடி. நிதானமா ஆட ஒரு ஆள் வேணும்" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாவதாக ஒரு குரல்: "அதெல்லாம் இல்ல. அவங்களுக்கு டீம் முக்கியமில்ல, ரெக்கார்டுதான் முக்கியம்."

முதல் இரண்டு பேரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். எத்தனை பந்து, எத்தனை ரன், ஆடுகளம் எப்படி என்று பார்த்து அவர்களோடு வாதிடலாம். மூன்றாமவள் ஒரு பெண்ணின் மனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னாள். மெதுவாக ஆடுகிறாள் என்பதிலிருந்து அர்ப்பணிப்பு இல்லாதவள் என்பதற்கு அவள் ஒரே தாவில் போய்விட்டாள். அந்தத் தாவல் நியாயமானதுதானா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

அன்று 2 விக்கெட்டுக்கு 89 என்றிருந்த இந்திய அணி 112 ரன்னுக்குச் சுருண்டு தோற்றது. மிதாலி இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. அதே தொடரில் அவர் பாகிஸ்தானுக்கு எதிராகவும் அயர்லாந்துக்கு எதிராகவும் அரைசதம் அடித்திருந்தார் என்பது மட்டும் தெரியும். அடுத்த சில நாட்களில் பயிற்சியாளர் வாரியத்துக்கு அளித்த அறிக்கை செய்திகளில் வெளியானது. விடுதியில் கேட்ட மூன்றாவது குரல்தான் அதிலும் இருந்தது: அணியைவிடச் சொந்தச் சாதனையே அவருக்குப் பெரிது. இருபதாண்டு உழைப்பும் நாட்டுப்பற்றும் சந்தேகிக்கப்பட்ட அந்த நாள் தன் வாழ்வின் இருண்ட நாள் என்று மிதாலி எழுதினார்.

மெதுவாக ஆடுவது தவறாகவே இருக்க முடியாதா? இருக்கலாம். 1975 உலகக் கோப்பையில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து 60 ஓவரில் 334 ரன் எடுத்தது. அதே ஆடுகளத்தில் சுனில் கவாஸ்கர் 174 பந்துகளைச் சந்தித்து ஆட்டமிழக்காமல் 36 ரன் எடுத்தார். இந்தியா 132-இல் நின்றது. பழியைப் பிட்ச்சின் மேல் போட முடியாது. தான் ஆடியவற்றுள் மிக மோசமான ஆட்டம் அது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஏன் அப்படி ஆடினார் என்று இன்றுவரை பேசுகிறார்கள். கோபமா, தடுமாற்றமா, முன்கூட்டியே கைவிட்டாரா என்று. செயல் தவறு என்பது கண்ணுக்குத் தெரிந்தது. காரணம் தெரியவில்லை. ஒன்றைச் சொல்ல மற்றொன்று தேவைப்படவும் இல்லை.

இன்னொரு ஆட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். 2021 ஜனவரியில் சிட்னியில் சேதேஷ்வர் புஜாரா 176 பந்துகளில் 50 ரன் எடுத்தபோது, அவருடைய மந்தத்தால் மற்றவர்கள் மீது சுமை ஏறுகிறது என்று குறை சொன்னார்கள். பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் அவரே 211 பந்துகளில் 56 ரன் எடுத்தார். பந்து திரும்பத் திரும்ப உடம்பில் அடித்தது. நின்றார். இந்தியா வென்றது. முந்தைய வாரம் மந்தம் என்று பெயர் வாங்கிய அதே ஆட்டத்துக்கு இப்போது தவம் என்று பெயர். பிரிஸ்பேனில் தோற்றிருந்தால்? ஆடியவரின் மனம் ஒன்றுதான். முடிவைப் பார்த்துவிட்டு, நாம்தான் அதற்குள் நல்லதையோ கெட்டதையோ வைக்கிறோம்.

ஆண்களுக்கும் இது நடக்கிறது என்றால் பெண்ணியத் தொகுப்பில் இதற்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, ஆடுகளம். அந்தச் சொல்லைக் கேட்டதும் 22 கஜ மண்ணைத்தான் நினைக்கிறோம். மிதாலி 2002-இல் டான்டனில், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்கு எதிராக 214 ரன் எடுத்தார். அன்று அது பெண்கள் டெஸ்டில் உலக சாதனை. நாள் கணக்கில் நின்று ஆடத் தெரிந்த அவருக்கு மொத்த வாழ்நாளில் கிடைத்தவை 12 டெஸ்டுகள். 2006-க்குப் பிறகு எட்டாண்டுகள் இந்தியப் பெண்களுக்கு டெஸ்டே இல்லை. 2014-க்குப் பிறகு இன்னும் ஏழாண்டுகள் இல்லை. 2017 உலகக் கோப்பை இறுதியில் 3 விக்கெட்டுக்கு 191 என்றிருந்த அணி 219-இல் முடிந்து, 9 ரன்னில் தோற்றது. தனக்குப் பின்னால் வருகிறவர்கள் இப்படிச் சரியலாம் என்று தெரிந்து ஆடுகிறவளின் நிதானத்தை ஸ்ட்ரைக் ரேட் மட்டும் சொல்லிவிடாது. ஆணுக்கு அடுத்த வாரமே இன்னொரு ஆட்டம் உண்டு, பழியைக் கழுவிக்கொள்ளலாம். பெண்ணுக்கு அடுத்த ஆட்டம் எப்போது?

இரண்டாவது, அர்ப்பணிப்பு என்ற சொல். ஆணிடம் அதைக் கேட்கும்போது வேலையில் ஊன்றி நிற்பதைக் கேட்கிறோம். பெண்ணிடம் கேட்கும்போது அவள் தன்னையே அழித்துக்கொள்வதைக் கேட்கிறோம். அவளுக்கென்று ஒரு சாதனை இருந்தால் அதுவே குற்றச்சான்று ஆகிறது. வேலைக்குப் போகிற மருமகளைப் பற்றி வீட்டில் பேசுவதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

இப்படியெல்லாம் எழுதுகிற நான் அந்த மூன்றாவது குரலாக இருந்திருக்கிறேன்.

விடுதியில் அந்த விடியலுக்குச் சில மாதம் கழித்து, துறைக் கூட்டத்தில் ஓர் ஆய்வு மாணவியின் கால நீட்டிப்பு விண்ணப்பம் வந்தது. என்னிடம் ஆய்வு செய்தவள். எட்டு மாதமாக ஓர் இயலும் தரவில்லை. காரணம் கேட்டபோது, "பண்றேன் மேம்" என்பதற்கு மேல் அவள் பேசியதில்லை. கூட்டத்தில் நான் ஒரே வாக்கியம் சொன்னேன்: "ஈடுபாடு போதவில்லை." அது பதிவேட்டில் ஏறியது. நீட்டிப்புக் கிடைக்கவில்லை.

நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர வந்த அன்று தன் கைப்பேசியைக் காட்டினாள். உண்மையில் அது அவள் கணவருடையது. அவர் வேலையிலிருந்து வந்து தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், அதில் நாற்பது பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். அவர்கள் வீட்டில் கணினி இல்லை. வாசித்தேன். இரண்டு இடங்களில் சான்று போதவில்லை. ஓர் இயல் பாதியில் நின்றிருந்தது. தாமதம் உண்மைதான். குறையும் உண்மைதான். ஈடுபாடு இல்லை என்பது மட்டும் நானாகச் சேர்த்தது.

"ஏன்மா முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"சொன்னா சாக்கு சொல்றான்னு நினைப்பீங்கன்னு பயந்தேன் மேம்."

அவள் நினைத்தது சரிதான். அப்படித்தான் நினைத்திருப்பேன்.

யாரையும் மதிப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் வேலையில் அது முடியாது, பயிற்சியாளருக்கும் முடியாது. இந்த ஓவரில் ரன் போதாது, இந்த இயல் வரவில்லை என்று சொல்லத்தான் வேண்டும். அப்படிச் சொல்லும்போது எதிரில் இருப்பவளுக்குப் பதில் சொல்ல இடமிருக்கிறது. உனக்கு மனமில்லை என்று சொன்னால் அவளால் எதைக் காட்டி மறுக்க முடியும்? மிதாலியிடம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஒருநாள் ரன்கள் இருந்தன, ஒரு நாளிதழ்க் கூட்டமே எதிரில் இருந்தது. அவருக்கே மறுப்பது எளிதாக இல்லை. என் மாணவியிடம் இருந்தது இரவல் கைப்பேசியில் நாற்பது பக்கம்.

இப்போது முன்னேற்ற அறிக்கைப் படிவத்தில் 'ஆர்வமும் ஈடுபாடும்' என்ற கட்டம் வரும்போது, எந்த இயல் எந்தத் தேதியில் வந்தது, எது வரவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எங்கே, எந்த நேரத்தில், எதில் எழுதுகிறாய் என்று கேட்கிறேன். சிலர் உண்மையிலேயே எழுதாமல் இருக்கிறார்கள். அதையும் அப்போது தெரிந்துகொள்கிறேன்.

முதலில் போனவளுக்கு இது எதுவும் உதவாது. அவள் பட்டத்தை முடிக்கவில்லை.