முதுமையின் மௌனம் சம்மதமாகுமா?

‘மூன்றாம் பிறை’யைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் பல்லாயிரவர். அதனை இயக்கிய பாலு மகேந்திரா 1989இல் எடுத்த ‘சந்தியா ராக’த்தைப் பார்த்தவர்களோ மிகச் சிலர். பாட்டும் சண்டையும் இல்லாத படம் அது. குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் எனத் தேசிய விருது பெற்றது. ஆயினும் புகழப்பட்ட அளவுக்குப் பார்க்கப்படவில்லை.

கதை சிறியது. கிராமத்தில் மனைவியை இழந்த முதியவர் ஒருவர், சென்னையில் வாழும் உடன்பிறந்தார் மகன் வீட்டை நாடி வருகிறார். அவ்வில்லத்தில் அன்பு உண்டு, பணம் இல்லை. கணவன், மனைவி, சிறுமி ஆகிய மூவருக்கே போதாத வருவாயில் நான்காவது தட்டும் வைக்க வேண்டியதாகிறது. முடிவில் அவர் முதியோர் இல்லத்தில் அடைக்கலமாகிறார். முதியவராக வாழ்ந்து காட்டியவர் சொக்கலிங்க பாகவதர். இல்லத்தரசியாக நடித்தவர் அர்ச்சனா.

இப்படத்தில் கொடியவர் எவருமிலர் என்பதே நம்மை வருத்துகிறது. வீட்டுக்காரி கொடுமைக்காரியாக இருந்திருந்தால், அவளை ஏசிவிட்டு நாம் நிம்மதியாக எழுந்து போயிருக்கலாம். அந்த ஆறுதலையும் இயக்குநர் நமக்கு விட்டுவைக்கவில்லை.

சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லியில், ஒரு வீட்டுக் கூடத்தில் மூன்று தலைமுறையினரோடு அமர்ந்து இதனைப் பார்த்தோம். மரவள்ளி விளையும் ஊர். ஆயினும் பிழைப்புத் தேடிப் பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் அங்கும் உண்டு. படம் முடிந்ததும் இளைஞர் ஒருவர், “அவராகத்தானே போனார்? யாரும் போகச் சொல்லவில்லையே!” என்றார். கூடத்திலிருந்த பெரியவர்கள் மறுமொழி கூறவில்லை.

அவராகப் போனால் நம் கடமை தீர்ந்துவிடுமா? “எனக்குப் பசியில்லை” என்று அத்தா சொல்கிறார். பசியில்லாமல் சொல்கிறாரா, பானையிலுள்ள சோற்றைக் கண்டு சொல்கிறாரா? “புதுத் துணி எதற்கு?” என்று அம்மா கேட்கிறார். விருப்பமின்மையா, நம் கையின் வறட்சியை அறிந்த கனிவா? நம் நிலை கண்டு பிறந்த மறுப்பைச் சம்மதமாக எழுதிக்கொள்வது, அவர்தம் பெருந்தன்மையையே அவருக்கு எதிரான சாட்சியாக்குவதாகும்.

சட்டம் இங்கு ஓரளவே துணை வரும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளைக் கடமைப்படுத்துகிறது. பிள்ளையற்ற முதியவருக்கோ, அவர் சொத்தை வைத்திருக்கும் அல்லது அடையப்போகும் உறவினரையே பொறுப்பாக்குகிறது. சொத்தேதும் இல்லாத முதியவர் எவரைச் சுட்டுவார்? சட்டம் முடியும் அந்த இடத்தில்தான் அறம் தொடங்குகிறது.

ஏழையிடம் இயலாததைக் கேட்பது நீதியன்று என்பது உண்மையே. ஆனால் இல்லாமையைக்கூட மறைக்காமல் பகிர்ந்துகொள்ளலாம். குடும்பக் கணக்கை முதியவர் முன் வைத்து, “உள்ளதை நால்வரும் உண்போம்” என்று கூறும் வீட்டில் அவர் சுமையல்லர், உறுப்பினர். அவ்வீட்டாலும் தாங்க இயலாதபோது, தாங்கக்கூடிய உறவினரும் அண்டை வீட்டாரும் மஹல்லாவும் “அது அவர்கள் வீட்டு விஷயம்” என்று ஒதுங்குவது எங்ஙனம் தகும்?

ஆதலின், நம் இல்லத்து முதியவர் “ஒன்றும் வேண்டாம்” என்னும்போது, அவ்விடையோடு அமையாது இன்னொரு முறை கேட்போம். இரண்டாம் முறை கேட்கப்படும்போதுதான், தாம் வேண்டப்படுகிறோம் என்பதை அவர் அறிகிறார்.