கைப்பிடிச் சுவரும் மூடாத கிணறும்



வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் விழுந்து இறந்துவிட்டால், செத்தவீட்டிலே முதலில் காதில் விழும் சொல் "விதி". கிறிஸ்தவர்களாகிய நாம் அப்படிச் சொல்லக் கூசி, "ஆண்டவருடைய சித்தம்" என்கிறோம். சொல்தான் மாறுகிறது. கூலிக்கு அழைத்தவருக்கோ இரண்டும் ஒன்றே. இரண்டுமே அவரைக் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகின்றன.

லூக்காஸ் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். சீலோவாமிலே கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் வேலையாட்களோ வழிப்போக்கரோ, நற்செய்தி சொல்லவில்லை. எருசலேமில் மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளாயிருந்ததால்தானா இப்படி நேர்ந்தது என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். பிறகு உயிரோடு நிற்பவர்களைப் பார்த்து, மனந்திரும்புங்கள் என்கிறார்.

மனந்திரும்புவது எப்படி? கட்டுகிறவனுக்கு மோயீசனின் சட்டம் வெகு தெளிவாகச் சொல்கிறது. புதுவீடு கட்டுகிறவன் தட்டையான கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் (உபாகமம் 22). குழி வெட்டி மூடாமல் விட்டவன், அதில் அயலானின் மாடோ கழுதையோ விழுந்தால் விலையைக் கொடுக்கவேண்டும் (யாத்திராகமம் 21). அதே அதிகாரத்தில், அடிபட்டுப் படுக்கையில் கிடந்தவனுக்கு வேலை கெட்ட நாட்களின் ஈட்டையும் வைத்தியச் செலவையும் அடித்தவனே கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. மாட்டுக்கும் கழுதைக்கும் விலை உண்டு. நம் மேசனுக்கு?

2009க்குப் பின் மீள்குடியேறிய நமது வன்னியிலே எத்தனை வீடுகள் எழும்பின, எத்தனை கிணறுகள் வெட்டினோம், இறைத்தோம்! ஆழக் கிணற்றுக்குள் எண்ணெய் மெசினை இறக்கி நீர் இறைப்பது எவ்வளவு ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது கிணற்றுக்குள்ளேயே தங்கிவிடும். இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப்போன தம்பியும் விழுவார். ஒரே வீட்டில் இரண்டு பிரேதம். மெசினை மேலே வைத்திருந்தால், இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு கட்டி மேலே இரண்டு பேர் பிடித்திருந்தால், இதில் எவ்வளவோ தவிர்க்கலாம். இதற்குச் செலவாவது சில நூறு ரூபாய்க் கயிறு.

இதே கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையிலே கண்ணிவெடி அகற்றும் வேலையில் நம் பெண்பிள்ளைகள் பலர் ஆண்டுக்கணக்காக நின்றார்கள். பல வீடுகளில் அந்தப் பெண்ணின் சம்பளமே சாப்பாடு. அங்கே முகக்கவசமும் மார்புக் கவசமும் இல்லாமல் எவரும் வரம்புக்குள் கால் வைக்க முடியாது. வைத்திய உதவியாளரும் வாகனமும் தயாராக நில்லாமல் வேலை தொடங்காது. வெடி புதைந்த நிலத்திலே இத்தனை ஒழுங்கு இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கூரை வேலையிலோ அறுந்த செருப்போடு ஏறுகிறவரை "கவனமாய் ஏறு தம்பி" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிடுகிறோம்.

நட்டஈடு என்றால் பிச்சை என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. பங்குத்தந்தையிடம் உதவிக் கடிதம் கேட்டு வருவார்கள்; உரிமைக்கு அவருடைய கடிதம் எதற்கு? இலங்கையில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. வேலையினாலே, வேலை நேரத்திலே நேர்ந்த விபத்தின் காயத்துக்கு வேலை கொள்பவர் ஈடு கொடுக்கவேண்டும். முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்கவேண்டியதும் இல்லை. விரல், கண், கால் என்று இழப்புக்கேற்ற அட்டவணை உண்டு. 2022இல் செய்த திருத்தத்தினால் உச்சத்தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாயிற்று. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் சேர்ந்தது. மரணம் நேர்ந்தால் அந்த ஈட்டுப்பணத்தை ஆணையாளரிடமே கட்டவேண்டும். ஆகையால், செத்தவீட்டிலே ஒரு கட்டுக் காசை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், சகோதரிகளே, அவசரப்பட்டுப் பேனாவைத் தொடாதீர்கள்.

காயப்பட்ட அன்றே வைத்தியரிடம் இது வேலையில் நடந்தது என்று சொல்லிப் பதிவிக்கவேண்டும். வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கூப்பிட்டவர் யார், நாட்கூலி எவ்வளவு, பார்த்தவர்கள் யார் என்பதைப் பிள்ளையின் கொப்பியிலாவது எழுதி வைத்து, தாமதியாமல் தொழிற் திணைக்களத்தில் விசாரியுங்கள். நாளுக்கு ஆள் மாறும் கூலிவேலையில் சாட்சி சீக்கிரம் கலைந்துவிடும்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலே, உடலுக்கு ஊறு செய்யாத வேலைத்தலத்தையும் விபத்துக்கான காப்புறுதியையும் தொழிலாளரின் உரிமைகளாகவே சொன்னார். அது முதலாளிமாருக்கு எழுதியது என்று நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். வீடு கட்டுகிறவரும் வயலுக்கு மருந்தடிக்க ஆள் பிடிக்கிறவரும் அன்றைக்கு முதலாளிதான். கோவிற் சபையும் அப்படியே. ஒருநாள் கூலிக்கு ஆள் பிடித்தவரை நாட்டுச் சட்டம் தொடுமோ தொடாதோ என்று நியாயவாதியிடம் கேட்கலாம். மோயீசனின் சட்டம் வீட்டுக்காரனைத்தான் தொடுகிறது.

இந்த ஆண்டுத் திருநாளுக்குக் கோபுரத்துக்கு வர்ணம் பூச ஆள் பேசும்போது, பெயின்ற் எத்தனை வாளி என்று எழுதும் அதே கடதாசியில் கயிறும் இடுப்புப் பட்டியும் யார் கொடுப்பது, விழுந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். ஏறப்போகிறவருக்கு அதை வாசித்துக் காட்டிவிட்டு ஏணியைச் சாத்துங்கள்.