விடுமுறையில் வந்தவரின் நாட்கள் யாருக்குச் சொந்தம்?

இவ்வாண்டு மலருக்கு ஒரு சிறு கட்டுரையை எழுத முற்படுகின்றேன். முன்னைய மலர்களில் ஆலய வரலாறு பற்றியும் விரதங்களின் மகிமை பற்றியும் அறிஞர் பெருமக்கள் எழுதியுள்ளார்கள். அடியேன் அறிஞன் அல்லன். முப்பத்தைந்து வருடங்கள் அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞனாக இருந்து கோவை கட்டியவன். ஆகவே சாத்திரம் பேசாமல், எமது ஊரில் அநேகமான வீடுகளில் நடக்கின்ற ஒரு காரியத்தைப் பற்றி என் மனதில் எழுந்த கேள்வியை அடியார்கள் முன் வைக்கின்றேன்.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் வெளிநாட்டிலிருந்து எமது பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். கட்டாரிலிருந்து ஒருவர், சவூதியிலிருந்து ஒருவர், குவைத்திலிருந்து ஒரு தாய் என்று, கட்டுநாயக்காவில் இறங்கி இரவிரவாக வானில் வந்து, விடியப்புறம் மூதூர் கடந்து ஊருக்குள் நுழைவார்கள். பட்டி போட்டுக் கட்டிய பெட்டிகளில் நிடோ பால்மாவும் சவர்க்காரமும் சென்ட் போத்தலும் வரும். முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் ஊரில் நிற்பார்கள். பின் மாரி மழை தொடங்குமுன்னரே திரும்பிவிடுவார்கள். இந்தச் சில நாட்கள் யாருக்குச் சொந்தம்? அவர்களுக்கா, பெண்சாதி பிள்ளைகளுக்கா, பெற்றவர்களுக்கா, ஊருக்கா, கோயிலுக்கா? இதுவே என் கேள்வி.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதை எமது ஊரவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆயினும் இளைய தலைமுறைக்காகச் சொல்லி வைக்கின்றேன். 2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சோடு வீடு வாசலை விட்டுப் புறப்பட்டோம். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கூரையின் கீழ் இருந்தோம். 2007 இல் எமது காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாகின. 2015 இலும் 2016 இலும் அவை கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் சென்றது. கையில் காசு இல்லை, தோட்டம் இல்லை, மாடு இல்லை. இந்த நிலையில் வாலிபர்கள் கடவுச்சீட்டு எடுத்ததை யார் குறை சொல்ல முடியும்?

என் மூத்த மகனும் அப்படித்தான் 2016 இல் கட்டாருக்குப் போனான். அப்போது அவன் மகளுக்கு ஆறு மாதம். அவன் அனுப்பிய காசில்தான் இன்று நாங்கள் இருக்கும் வீட்டுக்குச் சுவர் எழுந்தது, கிணறு இறைத்துக் கட்டப்பட்டது, அடகில் இருந்த மருமகளின் தாலிக்கொடி மீண்டது. இதை நன்றியோடு எழுதுகின்றேன். பொருள் தேடப் பிரிவது எமது இனத்துக்குப் புதியதும் அல்ல. சங்க இலக்கியத்தில் பிரிவுக்கென்றே பாலைத் திணை வகுத்தார்கள். அதற்குரிய பெரும்பொழுது வேனில், அதாவது கோடை. தலைவன் கோடையில் பிரிந்து போவான், கார்காலம் வரும்முன் திரும்பி வருவான் என்று தலைவி காத்திருப்பாள். எங்களுக்கு அது தலைகீழாகிவிட்டது. எமது பிள்ளைகள் கோடையில் வந்து, மழைக்கு முன் போய்விடுகிறார்கள். பட்டினப்பாலையின் தலைவனோ காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதானாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்கிறான். அவன் சொன்னது பெரிய வார்த்தைதான். ஆனால் அவனுக்குக் கூரை இருந்தது என்பதையும் நாம் நினைக்க வேண்டும். முகாமிலிருந்து வந்தவன் அவ்வாறு சொல்ல முடியாது.

ஆகவே போவது பிழையா என்பதல்ல என் கேள்வி. வந்து நிற்கும் நாட்களை நாம் என்ன செய்கிறோம் என்பதே.

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகின்றேன். கந்தோர்ப் பழக்கத்தால் நான் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுபவன். சென்ற 2025 ஆம் ஆண்டு கோடையில் மகன் நாற்பத்தைந்து நாள் லீவில் வந்து திரும்பிய பின், ஒரு நாள் அதைப் புரட்டிக் கணக்குப் பார்த்தேன். உறவினர் வீடுகளுக்குச் சென்றது ஒன்பது நாள். வங்கி, காணி, சாரதி அனுமதிப்பத்திரம் என்று கந்தோர்களில் நின்றது ஆறு நாள். கலியாணமும் செத்தவீடும் ஐந்து நாள். காய்ச்சலில் படுத்தது மூன்று நாள். ஆலய மடப்பள்ளிக் கூரை வேலைக்காகத் தகரம், மரம் வாங்கவும், மேசனைப் பார்க்கவும், உபயகாரர் கூட்டத்துக்கு இருக்கவும் நானே அவனைக் கூட்டிக்கொண்டு அலைந்தது பதினொரு நாள். மிகுதி பதினொரு நாள்தான் அவன் வீட்டில் நின்றான்.

என் பேத்திக்கு அவன் கொண்டுவந்த காசில் ஒரு சைக்கிள் வாங்கியிருந்தோம். "நான் பழக்கி விடுறன்" என்று தகப்பன் சொல்லியிருந்தான். ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் என்னிடம் வந்து, "அப்பப்பா, இண்டைக்கு அப்பா வீட்டில நிப்பாரோ?" என்று கேட்பாள். தகப்பனிடம் கேட்கமாட்டாள், என்னிடம்தான் கேட்பாள். அவனைக் கூட்டிக்கொண்டு போவது நான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "கோயில் அலுவல் பிள்ளை, அம்பாளின்ர வேலை" என்று சொல்லிவிட்டு நான் மோட்டார் சைக்கிளில் ஏறுவேன். அவன் பயணம் போன பிறகு, நான் பழக்குகின்றேன் வா என்று கூப்பிட்டேன். "வேண்டாம், அப்பா வந்து பழக்குவார்" என்றாள். அந்தச் சைக்கிள் இன்றும் சுவரோடு சாய்த்தபடி நிற்கின்றது. அதன் உயரத்தை அவள் தாண்டி வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். அவன் 2018, 2021, 2023, 2025 ஆகிய வருடங்களில் வந்தான். (2020 இல் வரவேண்டிய பயணம் கொரோனாவால் தடைப்பட்டது.) நான்கு முறை, ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நாள். மொத்தம் நூற்றெண்பது நாள். அவன் புறப்பட்டுப் போன ஒன்பதரை வருடங்களில் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் கிடைத்தது ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள்தான் உறவினரும் கந்தோரும் கலியாணமும் நானும் பங்கு கேட்டிருக்கிறோம்.

மடப்பள்ளிக் கூரை நன்றாக முடிந்தது. உபயகாரர் பெயர்க் கல்லில் மகனின் பெயரும் இருக்கிறது. காசைக் கொடுத்தவன் அவன் என்பது சரி. அந்தப் பதினொரு நாட்களைக் கொடுத்தது யார்? அது பேத்தியிடமிருந்து எடுத்த உபயம். அவளிடம் யாரும் கேட்கவில்லை, பற்றுச்சீட்டும் எழுதவில்லை.

"கோயில் வேலைதானே, அதில் என்ன பாவம்?" என்று அடியார்கள் கேட்கலாம். நானும் அவ்வாறுதான் இருந்தேன். பின்னர் பெரியபுராணத்தில் சுந்தரமூர்த்தி நாயனாரின் கதை ஞாபகத்துக்கு வந்தது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்கிறார் நாயனார். தென்றல் வீசும் காலம் வந்ததும் திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வருகிறது. சத்தியத்தை மறந்து புறப்படுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் ஒளியிழக்கின்றன. திருவெண்பாக்கத்தில் இறைவன் ஊன்றுகோல் கொடுக்கிறார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றக் கண்ணும் கிடைக்கின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் போனது கேளிக்கைக்கு அல்ல, பொருளுக்கும் அல்ல. சிவபெருமானின் திருவிழாவைக் காண்பதற்கே போனார். அவரோ இறைவனின் தோழர். அப்படியிருந்தும், வீட்டில் இருப்பவளுக்குக் கொடுத்த வாக்கை மீறியது கோயிலுக்குப் போவதற்காகத்தான் என்ற காரணம் அங்கே செல்லுபடியாகவில்லை. தம்பிரான் தோழருக்கே இல்லாத விலக்கு, மடப்பள்ளிக் கூரையின் பெயரால் எனக்கு எப்படிக் கிடைக்கும்?

தமிழில் "கடன்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாங்கிய பணமும் கடன், செய்யவேண்டிய கடமையும் கடன். பிதிர்க்கடன், நேர்த்திக்கடன் என்கிறோம். வெளிநாட்டிலிருந்து வருபவரை நாங்கள் கொடுப்பவராக மட்டுமே பார்க்கின்றோம். உண்மையில் அவர் ஒரு கடனாளியும் ஆவார். வீட்டை எழுப்புவதற்காக, பிள்ளைகளிடமிருந்தும் துணையிடமிருந்தும் வருடங்களைக் கடனாக வாங்கிக்கொண்டு போனவர். விடுமுறை நாட்கள் அந்தக் கடனைத் திருப்பும் தவணை. ஒருவர் தன் கடனைக் கட்டுவதற்கு வைத்திருக்கும் காசை, தருமம் என்று சொல்லி நாம் வாங்கினால் அது தருமம் ஆகுமா? கொடுத்தவரும் கடனிலிருந்து மீளவில்லை, வாங்கிய நாமும் அந்தக் கடனில் பங்காளி ஆகிவிடுகின்றோம்.

தாய்மார் போய்வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பிரதேச செயலகத்தில் கடமை செய்த காலத்தில், 2013 ஆம் ஆண்டு, வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்று கொண்டுவரப்பட்டது. (2022 இல் இந்நடைமுறை தளர்த்தப்பட்டது.) தாய் இல்லாதபோது பிள்ளைகளைப் பராமரிப்பவர் யார் என்று அதில் எழுதவேண்டும். அநேகமாக அம்மம்மாவின் பெயரே வரும். அந்தப் பெயரை எழுதும்போது, தாயோடு வந்த பிள்ளை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கும். நான் தலை நிமிராமல் எழுதுவேன். அதே வருடம் ஜனவரி 9 ஆம் திகதிதான், எமது அயலூரான மூதூரிலிருந்து 2005 இல் சவூதிக்குப் போன றிசானா நபீக்குக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் பிள்ளைக்கு விடுமுறை என்ற ஒன்றே கிடைக்கவில்லை. வறுமைக்கு மதம் இல்லை, அந்தத் தாயின் துயரம் எங்கள் துயரமும்தான். போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை என்பதை நினைத்தால், வந்து நிற்கும் நாட்களின் பெறுமதி விளங்கும்.

அப்படி வருகின்ற தாய்க்கு நாம் செய்வது என்ன? இரண்டு வருடம் பிறத்தியாரின் அடுப்படியில் நின்றவள், வந்த அன்றே தன் அடுப்படியில் நின்று, பார்க்க வரும் சனத்துக்கெல்லாம் தேத்தண்ணீர் ஊற்றுகிறாள். மடியில் இருக்கவேண்டிய பிள்ளை குசினிக் கதவருகில் நிற்கிறது. பார்க்கப் போகும் நாங்களும் அன்போடுதான் போகின்றோம். ஆனால் அந்த அன்பு அவளிடமிருந்து ஒரு பொழுதை எடுத்துக்கொண்டுதான் எழும்புகிறது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நிலைமை இன்னும் பரந்துவிட்டது. அவ்வருடத்தில் மட்டும் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழிலுக்காக வெளிநாடு சென்றார்கள். அரசாங்க ஊழியர்களுக்கே சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல ஐந்து வருடம் வரை அனுமதி கொடுக்கப்பட்டது. ஆகவே இது ஓரிரு குடும்பங்களின் காரியம் அல்ல. எமது தலைமுறையில் முடியப்போவதும் அல்ல. இதற்கு ஒரு ஒழுங்கு தேவை.

அடியேன் பரிபாலன சபைக்கும் அடியார்களுக்கும் சில எண்ணங்களை வைக்கின்றேன். விடுமுறையில் வருபவரின் வீட்டுக்கு முதல் பத்து நாட்கள் நன்கொடைப் புத்தகத்தோடு நாம் போகாதிருப்போம். திருப்பணிக் கணக்கையும் படங்களையும் அவர் வெளிநாட்டில் இருக்கும்போதே தொலைபேசியில் அனுப்பிவைத்தால், இங்கே வந்து கூட்டத்தில் இருக்கவேண்டிய தேவை இராது. சாமான் வாங்கும் வேலையை ஊரில் நிற்கும் நாம் செய்வோம். உபயத் தினத்தில் சங்கற்பம் செய்யும்போது, உபயகாரரின் பெயர், நட்சத்திரத்தோடு, அவர் இல்லாத காலத்தில் வீட்டைக் காத்த மனைவி, பிள்ளைகள், அம்மம்மா ஆகியோரின் பெயர்களையும் சொல்லுவிப்போம். காளாஞ்சி கொடுக்கும்போது குடும்பமாக நிறுத்திக் கொடுப்போம். இவற்றுக்குப் பணச் செலவு எதுவும் இல்லை.

வருகின்ற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெரிய சாமான்களைக் கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை. குழந்தைக்குச் சொன்ன சிறிய வாக்கை முதல் கிழமையிலேயே நிறைவேற்றுங்கள். கோயில் உங்களுக்காகக் காத்திருக்கும். அம்பாள் தாயாக இருப்பதால் அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

மகன் அடுத்து 2027 இல் வருவான் என்று எண்ணுகின்றோம். அப்போது பேத்திக்குப் பன்னிரண்டு வயது நெருங்கும். அந்தச் சைக்கிள் அவளுக்குச் சிறிதாகிவிடும், வேறொன்று வாங்கவேண்டியிருக்கும். அதற்கு நான் இப்போதே என் ஓய்வூதியத்தில் சேர்த்து வருகின்றேன். அந்தக் கோடையில் என் மோட்டார் சைக்கிளின் பின் இருக்கை வெறுமையாகவே இருக்கும் என்று அம்பாள் சந்நிதியில் சொல்லி வைத்திருக்கின்றேன்.

பிரிந்திருக்கும் குடும்பங்கள் யாவும் சுகமே ஒன்றுகூட அன்னையின் திருவருளை வேண்டி, என் சிற்றறிவுக்கு எட்டியதை இத்துடன் நிறைவு செய்கின்றேன்.